என்ன லாபம் என்று கேட்ட மனு

அந்த மனுவை எழுதியவன் நான்தான். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் எழுத்து என்னுடையது, கோபம் என்னுடையது, அதில் இருந்த இரண்டு எழுத்துப்பிழைகளும் என்னுடையவை.

புதுக்கோட்டையில் கல்லூரியில் பி.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். சரித்திரத்தை நான் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அதில் வருகிறவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தவன் தலையில் ஒரு புது விதியைக் கொண்டுவந்து போட்டார்கள். கலைப் பிரிவு மாணவர்கள் எல்லாரும் ஒரு வருஷம் விஞ்ஞானம் படிக்க வேண்டும். விஞ்ஞானப் பிரிவுக்காரர்கள் சரித்திரமும் பொருளாதாரமும் படிக்க வேண்டும். படித்தால் மட்டும் போதாது, எங்களுக்குச் செய்முறையும் உண்டு. கடைசியில் ஒரு பரீட்சை. அதில் தேறியதாக ரசாயனத் துறையில் கையெழுத்து வாங்கவில்லை என்றால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லை என்றால் பி.ஏ. கிடையாது.

என் அப்பா அரிமளம் பக்கத்தில் விவசாயம் செய்தவர். என்னைக் கல்லூரியில் விடும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "மூணு வருசம். அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் ஏர் ஓட்ட வந்துரு." அவர் விளையாட்டுக்குச் சொல்லுகிற ஆள் இல்லை. அவர் விளையாடி நான் பார்த்ததே இல்லை.

விதியைக்கூடப் பொறுத்திருப்பேன். செய்முறையை வைத்தார்களே, எப்போது வைத்தார்கள்? சனிக்கிழமை காலையில். அரிமளத்துக்கு பஸ் போகிற நேரத்தில். விடுதிச் சாம்பாரிலிருந்து தப்பி, வீட்டில் ஒரு நாளாவது மனிதனாகச் சாப்பிட்டுவரலாம் என்றால், அந்த நேரத்தில் நான் தகரக் கொட்டகை ஒன்றில் அழுகின முட்டை நாற்றத்துக்கு நடுவில் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேருக்கு ஒரு மேசை. எனக்கு வாய்த்த கூட்டாளி மணமேல்குடிக்காரன், ராவுத்தர் வீட்டுப் பையன், பொருளாதாரம் படித்தவன். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். கண்ணாடி உடைந்தால் சிரிப்பு. கை சுட்டால் சிரிப்பு. அவன் என்னை "மாப்ளே" என்பான், நான் அவனை "மாமா" என்பேன். எங்கள் பக்கம் அப்படித்தான்.

பிப்பெட் என்று ஒரு குழாய் உண்டு. நுனியை அமிலத்தில் வைத்து, மறு நுனியை வாயில் வைத்து உறிஞ்சி, கோடு வரைக்கும் ஏறியதும் விரலால் மூட வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாமே வாயால்தான். என் கூட்டாளி முதல் நாள் அதைச் சர்பத் என்று நினைத்துக்கொண்டு இழுத்தான். வாய் நிறைய அமிலம். தண்ணீர் கலந்த அமிலம்தான், ஆள் சாகவில்லை. துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"மாப்ளே, உப்பு கொஞ்சம் கம்மி."

அவன் துப்பியது என் வேட்டியில் தெறித்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. துவைத்துக் காயப்போட்டுப் பார்த்தால் ஆறு ஓட்டை. என்னிடம் இருந்த ஒரே நல்ல வேட்டி. அதைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் மனு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

மனுவில் நிறைய எழுதினேன். எல்லாம் மறந்துவிட்டது. கடைசி வரி மட்டும் மறக்காது. "சரித்திரமும் பொருளாதாரமும் படிக்கும் எங்களுக்கு இந்த விஞ்ஞானத்தால் என்ன லாபம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." தாழ்மை எல்லாம் பொய். அந்த வரியை எழுதி முடித்ததும் நானே எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். விடுதியில் கைதட்டினார்கள். என் கூட்டாளி தமிழில் ஒரு கையெழுத்தும் இங்கிலீஷில் ஒரு கையெழுத்தும் போட்டான்.

"எதுக்குடா ரெண்டு?"

"தமிழ் தெரியாத ஆள் யாராச்சும் வாசிச்சா?"

பிரின்சிபாலிடம் ஒரு வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, மேலே "ரசாயனத் துறையின் கருத்துக்கு" என்று எழுதி அனுப்பிவிட்டார். அதாவது யாரைப் பற்றிப் புகார் எழுதினேனோ அவர் மேசைக்கே போய்விட்டது. பரீட்சை சனிக்கிழமை.

எங்களுக்குச் செய்முறை நடத்தியவர் ஒரு பெண். அப்போதுதான் வேலைக்கு வந்தவர், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம் என்பதால் வடக்கே பல ஊர்களில் வளர்ந்தவர். வீட்டில் பேசிய தமிழும் புத்தகத் தமிழும்தான் தெரியும். எங்கள் எல்லாரையும் "நீங்க" என்றுதான் சொல்லுவார். திட்டும்போதும் "நீங்க"தான். "நீங்க ஒரு முட்டாள்" என்பார். கேட்க மரியாதையாக இருக்கும்.

சனிக்கிழமை வந்தது. பரீட்சை இதுதான்: கூம்புக் குடுவையில் அமிலம், அதில் நிறம் காட்டிக்கொடுக்கிற பினாப்தலின் இரண்டு சொட்டு. மேலே பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயில் காரம். திருகைத் திறந்து காரத்தை உள்ளே விட வேண்டும். முதலில் கொஞ்சம் வேகமாக விடலாம். முடிவு நெருங்கும்போது சொட்டுச் சொட்டாக. ஒரு சொட்டில் நிறமே இருக்காது. அடுத்த சொட்டில் மொத்தக் குடுவையும் ரோஸாகிவிடும். அந்தச் சொட்டோடு நிறுத்த வேண்டும். கூட ஒன்று விழுந்தால் கெட்டது.

நான் இதில் ஒருநாளும் ஒழுங்காகச் செய்தவன் இல்லை. அன்றைக்கு அப்பா சொன்ன மூன்று வருஷம் தலைக்குள் இருந்ததால் கண் அசையவில்லை. வேகமாக விட்டேன். குடுவையைச் சுழற்றினேன். ரோஸ் நிறம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. திருகை மூடினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுக் கணக்கை ஆரம்பித்தேன். ஒரே ஒரு சொட்டு விட்டேன். விழுந்தது. சுழற்றினேன். ரோஸ். நிற்கிற ரோஸ். என் வாழ்க்கையில் முதல் தடவை.

எனக்குப் பின்னால் மேடம் வந்து நின்றது தெரியாது.

"முடிவுல எத்தனை சொட்டு விட்டீங்க?"

நான் குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "லாபம்."

"என்னது?"

"லாபம், மேடம்."

"என்ன லாபம்னு என்கிட்டயே கேக்கறீங்களா?"

"இல்ல மேடம். லாபந்தான் விட்டேன்."

"லாபத்தை விட்டுட்டீங்களா?"

"ஆமா மேடம். அதுக்கு மேல விடல."

இதைப் படிக்கிற எங்கள் பக்கத்து ஆளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமாம். அதனால் "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. பள்ளிக்கூடம் போகிறவன் என்பதால் வீட்டில் பத்து வயதிலிருந்து என்னைத்தான் எண்ணச் சொல்லுவார்கள். அது நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு பொருளை ஒவ்வொன்றாக விட்டு எண்ணும்போது என் வாயில் ஒன்று என்று வரவே வராது. இது எனக்கே தெரியாது. நெல்லுக்கும் ரசாயனத்துக்கும் நடுவில் ஒருவர் வந்து நிற்கும்வரை எப்படித் தெரியும்?

முந்தின நாள்தான் அவர் அந்த மனுவைப் படித்திருக்கிறார். என்ன லாபம் என்று கேட்டவன் இன்றைக்கு நேருக்கு நேராக நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் லாபம் லாபம் என்கிறான். அவர் முகம் என் குடுவையைவிட அதிகமாகச் சிவந்தது. குடுவையை எடுத்தார். தொட்டியில் கொட்டினார். என் வாழ்க்கையின் முதல் ரோஸ் சாக்கடைக்குப் போனது.

"நீங்க வெளியே போங்க. உங்களுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

போனேன். எனக்கு வந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்தப் பார்த்தேன். தகரக் கதவு, பாதியில் தரையில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து, தூக்கி, நெருக்கி, கடைசியில் சும்மா விட்டுவிட்டு வராந்தாவில் நின்றேன். கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட விடாத கட்டடம்.

இரண்டு நிமிஷத்தில் என் கூட்டாளியும் வெளியே வந்தான். சிரித்துக்கொண்டே.

"நீ ஏன்டா வந்த?"

"ஒனக்காகப் பேசுனேன் மாப்ளே. 'மேடம், அவன் லாபம்னு சொன்னது ஒண்ணுங்க. அவுக அப்புடித்தான் சொல்லுவாக. நாங்க பரக்கத்துன்னு சொல்லுவோம்'னேன்."

"அப்புறம்?"

"'ரெண்டு பேரும் சேந்து எண்ணுக்கெல்லாம் பேர் வச்சுக்கிட்டு வந்தீங்களா?'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வெளிய போங்கன்னுட்டாங்க."

"சிரிக்காம இருந்துருக்கலாம்ல?"

"எப்புடிறா இருக்கிறது? லாபத்தை விட்டுட்டீங்களான்னு கேட்டாங்கள்ல, நீ ஆமாங்குற! அப்பவே எனக்கு வயிறு புடிச்சுக்கிருச்சு."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்தேன். கடித்த பல்லுக்குள்ளேயே ஒரு சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வயலில் நிற்கும் அப்பாவை நினைத்துப் பார்த்து அடக்கினேன். ஏன் ஒரு வருஷம் வீணாயிற்று என்று கேட்பார். ஒன்றுக்குப் பதிலாக லாபம் என்று சொன்னேன் என்பேன். லாபம் என்பது ஒன்றுதானே, அதில் என்ன தப்பு என்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? இதை நினைத்ததும் சிரிப்பு வெடித்துவிட்டது. இரண்டு பேரும் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது. என் கண்ணில் வந்த தண்ணீரில் பாதி சிரிப்பு, பாதி பயம்.

"மன்னிப்புக் கேட்டுருடா," என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒண்ணுன்னு சொன்னதுக்கு எவனாச்சும் மன்னிப்புக் கேப்பானா?"

"அப்ப ஏர் ஓட்டு."

அப்போதுதான் அட்டெண்டர் ஞாபகம் வந்தது. திருமயத்துக்காரர். செய்முறை முடிந்ததும் பியூரெட்டை எல்லாம் கழற்றி மேசையில் அடுக்கி, சத்தம் போட்டு எண்ணிவிட்டுத்தான் அலமாரியைப் பூட்டுவார். வழக்கமாக அந்த நேரத்துக்குள் மேடம் போயிருப்பார். நாங்கள் மட்டும் கழுவிக்கொண்டு நிற்போம். வாராவாரம் அவர் எண்ணுவதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

உள்ளே போனேன். வேண்டாம் என்று கூட்டாளி சட்டையைப் பிடித்து இழுத்தான். பொத்தான் ஒன்று தெறித்தது. அதையும் பொருட்படுத்தாமல் போய் நின்றேன்.

"மேடம், அட்டெண்டர் அண்ணனை பியூரெட் எண்ணச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கேட்டாப் போதும்."

"எதுக்கு?"

"ஒரே ஒரு தடவ."

எல்லாருடைய பரீட்சையும் ஏறக்குறைய முடிந்திருந்தது. அவர் என்னை முறைத்தார். பிறகு, இவனை நிரந்தரமாக ஒழித்துக்கட்ட இது ஒரு வழி என்று நினைத்தாரோ என்னவோ, அட்டெண்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுக்கியிருந்த குழாய்களில் முதலாவதை எடுத்து வைத்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

"நிறுத்துங்க. முதல்ல என்ன சொன்னீங்க?"

"எண்ணுனேன் மேடம்."

"ஒண்ணு எங்கே?"

"இந்தா இருக்குல்ல," என்று முதல் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"அது என்ன?"

"பியூரெட்டு மேடம்."

"எத்தனை பியூரெட்?"

"லாபம் மேடம்."

நாற்பது பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் தகரக் கொட்டகை என்ன சத்தம் போடும் என்பது எனக்குத் தெரியும். ஒருவன் மேசையில் தலையை முட்டிக்கொண்டான். அட்டெண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன், ஒண்ணு கொறையுதா?" என்று மறுபடியும் லாபத்திலிருந்து ஆரம்பித்தார். அவ்வளவுதான், இருந்த கொஞ்சநஞ்ச ஒழுங்கும் போய்விட்டது.

மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டைக் கடித்தார். பிறகு கேட்டார்:

"அட்டெண்டர், அந்த மனுவில நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மரியாதையான சிரிப்பு இல்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாலும் அடங்காமல் விக்கல் மாதிரி வந்த சிரிப்பு. அவர் சிரிக்கச் சிரிக்க நாங்கள் சிரித்தோம். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவர் சிரித்தார். என்னத்துக்குச் சிரிக்கிறோம் என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தப்பு என்னுது. ஆனா கொட்டினதுக்கு நான் எப்படி மார்க் போடறது? திரும்பச் செய்யுங்க. சத்தமா எண்ணுங்க."

கூட்டம் என் மேசையைச் சுற்றிக்கொண்டது. புதிதாக அமிலம் எடுத்தேன். சிரிப்பில் உதடு நடுங்கி எனக்கும் ஒரு மிடறு உள்ளே போனது. உப்பு கம்மிதான். திருகைத் திறந்தேன். முதல் தடவை, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து "லாபம்!" என்று கத்தியதில் கை நழுவி நாலு சொட்டு விழுந்து, குடுவை பீட்ரூட் சாறு ஆகிவிட்டது. "லாபம் ஜாஸ்தியாப் போச்சு," என்றான் என் கூட்டாளி. மேடமே அவன் தலையில் பரீட்சைத் தாளால் அடித்தார்.

இரண்டாவது தடவை ஒருவரும் மூச்சு விடவில்லை. எட்டிப் பார்த்த ரோஸ் மறைந்தது. மூடினேன். லாபம் என்றேன், விட்டேன், இல்லை. ரெண்டு என்றேன், இல்லை. மூணு.

வந்தது. கைக்குழந்தையின் உள்ளங்கால் என்ன நிறமோ, அந்த நிறம். சுழற்றினேன், போகவில்லை. நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. குடுவையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேனாம். கூட்டாளி சொல்லித்தான் தெரியும். தலை கிறுகிறுவென்று இருந்தது. ஒரு சொட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, ஒரு சொட்டுக்குப் பின்னால் எல்லாமே வேறு. சரித்திரப் புத்தகத்தில் இதற்கு இருநூறு பக்கம் எழுதுவார்கள்.

மேடம் கையெழுத்துப் போட்டார். நான் அந்தத் தாளை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே விடுதிவரை நடந்தேன். பஸ் போய்விட்டிருந்தது. போகட்டும் என்று விட்டேன்.

இப்போதும் இந்தச் சண்டை ஓயவில்லை. கணக்குப் படிக்கிறவன் எதற்குத் தமிழ் படிக்க வேண்டும், தமிழ் படிக்கிறவன் எதற்குக் கணக்குப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், நானும் கேட்டவன்தான். எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு பார்வை விரியும், அறிவு விரியும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு ஒன்றும் விரியவில்லை. அமிலம் எது, காரம் எது என்று இன்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். ஆனாலும் கட்டாயமாகத்தான் வைக்க வேண்டும் என்கிறேன். விருப்பப்பட்டவர்கள் படிக்கலாம் என்று விட்டிருந்தால் நான் அந்தக் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். என் வாயில் ஒன்று என்கிற எண்ணே கிடையாது என்பது எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது. என் படிப்புக்குள் இருந்த யாரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர்கள் எல்லாரும் என்னை மாதிரியே எண்ணுகிறவர்கள். கட்டாயப்படுத்துங்கள். ஆனால் சனிக்கிழமை வைக்காதீர்கள். வேட்டிக்கு மேலே கட்டிக்கொள்ள ஏதாவது துணியும் கொடுங்கள்.

திங்கட்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்பாரோ என்று யோசித்துக்கொண்டு போனேன். வாங்கக்கூடாது என்றும் முடிவு செய்துகொண்டேன். ரோஸ் நன்றாக இருந்தது என்பதற்காக வேட்டியில் இருந்த ஓட்டை மூடிவிடுமா? துணைக்கு வருகிறேன் என்று வந்த கூட்டாளி கதவுக்கு வெளியில் நின்றுகொண்டான்.

பிரின்சிபால் மனுவை என் பக்கம் திருப்பி வைத்தார். என் கடைசி வரி அப்படியே இருந்தது. எங்களுக்கு இந்த விஞ்ஞானத்தால் என்ன லாபம்? அதற்குக் கீழே, ரசாயனத் துறையின் கருத்து என்று எழுதி, சிவப்பு மையில் மேடம் ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார்.

"ஒன்று."

"இது என்னய்யா ஒன்று?" என்றார் பிரின்சிபால். "என்ன ஒன்று? ஒரு லாபம்தான் இருக்குங்கிறாங்களா? அப்ப அது எது? அவங்களைக் கேட்டா, உன்னையே கேக்கச் சொல்றாங்க."

நான் விளக்க வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "ஸார், அதாவது ஸார், லாபம்ங்கிறது..." அதற்கு மேல் போக முடியவில்லை. உதட்டைக் கடித்தேன், கூரையைப் பார்த்தேன், அப்பாவை நினைத்தேன். ஒன்றும் உதவவில்லை. பிரின்சிபால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

"என்னய்யா சிரிக்கிற? ஒண்ணுன்னா என்னன்னு சொல்லித் தொலை!"

கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

"பரக்கத்து, ஸார்!"